தள்ளாடி வீடு

20 ஜனவரி 2025, திங்கள்

பொங்கல் கூட்டம் இன்னும் ஓயவில்லை. சென்னைக்குத் திரும்புகிறவர்கள் விழுப்புரத்தில் முண்டியடித்து ஏறி, திண்டிவனத்தில் பாதிப் பேர் இறங்கி வேறு வண்டி பிடிக்கிறார்கள். இடுப்பு விட்டுப்போனது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வண்டிக்கு நடந்தேன். பின்னாலேயே கண்டக்டர் அந்தோணிசாமி ஒரு செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"தலைவரே, இது யாருதுன்னு பாருங்க."

என்னுடையதுதான். வலது கால் வெறுங்காலாக இருந்தது. டீக்கடையிலிருந்து வண்டி வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. விழுப்புரம் வந்து சேரும் வரை அதைச் சொல்லியே என்னை ஓட்டினான். பல வருடமாக நான் டிரைவர், அவன் கண்டக்டர் என்று ஒரே வண்டியில் ஓடுகிறோம், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

வேறு செருப்பு வாங்க வேண்டும். வார் தளர்ந்துவிட்டது.

29 ஜனவரி, புதன்

புதுச் செருப்பும் கழன்றது. வார் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

6 பிப்ரவரி, வியாழன்

ஒரு அம்மா புகார் கொடுத்துவிட்டார். டிரைவர் போதையில் தள்ளாடிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினாராம். டிப்போவில் ஊதச் சொன்னார்கள். ஊதினேன். பூஜ்யம். மேனேஜர் சீனுவாசன் நல்ல மனுஷன், அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "தப்பா நெனச்சிக்காதீங்க விருத்தாசலம், நீங்க தொட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நடை... இன்னா ஆச்சு உங்களுக்கு?"

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கல்யாணம், சாவு, டிப்போவில் யாராவது ஓய்வு பெறுகிற விருந்து, எதிலும் கிடையாது. ஏன் என்று கெடாரில் போய்க் கேட்டால் சொல்வார்கள். என் அப்பா பூமாலைக்கு அந்த ஊரில் பெயர் தள்ளாடி. அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர். எங்கள் வீட்டுக்கே தள்ளாடி வீடு என்றுதான் அடையாளம். கழனி வேலைக்குப் போகிற அத்தனை பேரும் சாயங்காலம் குடித்தார்கள், பெயர் மட்டும் எங்களுக்கு. பள்ளிக்கூடத்தில் நான் தள்ளாடி மவன்.

அப்பா ஒரு மழைக்காலத்தில் வாய்க்காலில் குப்புற விழுந்து செத்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். தூக்க வந்தவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தது, இந்த வாயில் அது படக்கூடாது என்று. கோலியனூரில் வீடு பார்த்ததும் அந்தப் பெயர் அங்கே வராது என்கிற நம்பிக்கையில்தான்.

இத்தனையும் செய்துவிட்டு இன்று ஊதுகிற கருவி முன்னால் போய் நிற்கிறேன். கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

மதியம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். பெண்டாட்டி மலர்விழி குனிந்து என் வாயை மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று நாளாக வயிறு கடமுடா. வெள்ளிக்கிழமை கூட்டேரிப்பட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடினேன். வண்டி முழுக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தது. என் மானம் அங்கேயே போயிற்று.

இன்று டீத்தூள் தேடும்போது கேப்பை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் கிடைத்தது. 'குடியை மறக்க! அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்.' எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று யோசித்தேன். என் வண்டியில், கடைசி சீட்டுக்கு மேலே யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ். என் பெண்டாட்டி என் வண்டியிலேயே ஏறி, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எனக்கு மருந்து வாங்க நம்பர் எடுத்திருக்கிறாள்.

"இன்னாடி இது?"

"கேட்டா மட்டும் ஒத்துக்குவீங்களா? தெருவே பேசிக்கினு இருக்குது. கோணக் கோண நடந்து வர்றீங்க. பேச்சு கொழறுது. நான் இன்னான்னுதான் நெனைக்கறது?"

"வாசனை வந்துச்சா?"

"இப்பல்லாம் வாசனை இல்லாத சரக்குகூட வருதாமே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, அவள் அழ, பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். நான் குடிப்பதில்லை என்று கடைசியில் நம்பினாளா தெரியவில்லை. எனக்கு அதுவல்ல இப்போது மண்டையைக் குடைவது. பேச்சு குழறுகிறதா? எப்போதிலிருந்து?

3 மார்ச், திங்கள்

விக்கிரவாண்டியில் பிரேக்கை மிதித்தேன். கால் பிரேக்கில் இல்லை, பக்கத்தில் இருந்தது. முன்னால் ஸ்கூட்டியில் ஒரு பெண், பின்னால் சீருடையோடு ஒரு குழந்தை. ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. அந்தக் குழந்தை திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது.

டிப்போவில் வண்டியை விட்டுவிட்டுச் சாவியை மேனேஜர் மேசையில் வைத்தேன். இனிமேல் தொடமாட்டேன் சார் என்றேன். லீவு எழுதிக் கொடுங்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றார். அந்தோணிசாமி வாசல் வரை வந்தான். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

14 மார்ச், வெள்ளி

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயது இருக்கும். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் நடக்கச் சொன்னார். இரண்டாவது எட்டில் சுவரைப் பிடித்தேன். என் மூக்கையும் அவர் விரலையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். அவர் விரல் அகப்படவே இல்லை.

"அப்பா எப்படி நடப்பார்?"

"குடிச்சவர் மாதிரி."

"குடிப்பாரா?"

"ஆமாங்க."

"முதல்ல வந்தது எது? நடையா, குடியா?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டதில்லை. ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம்.

30 மார்ச், ஞாயிறு

கெடார். அப்பாவின் அக்கா கோவிந்தம்மாள் அத்தை முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டிவிட்டது, கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் நடந்து வருவதைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டது. கேள்வியைக் கேட்டேன்.

"எங்கடா குடிச்சான்? மொதல்ல தள்ளாட்டந்தான் வந்துது. அப்ப அவன் சொட்டுகூடத் தொட மாட்டான். பாக்கறவன்லாம் 'இன்னாடா பூமாலை, காலைலயே ஏத்திக்கினியா'ன்னு கேப்பான். இல்ல இல்லன்னு எத்தினி பேருக்குச் சொல்லுவான்? அப்புறந்தான் ஊத்திக்க ஆரம்பிச்சான். எங்கப்பனும் அதே கதிதான்."

"நீ ஏன் அத்தை இத யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

22 ஏப்ரல், செவ்வாய்

முடிவு வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் போட்டார். அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம். பெரியது உயிரணு, உள்ளே இருப்பது உட்கரு. நம் உடம்பை எப்படிச் செய்ய வேண்டும், எப்படி ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறதாம். என் எழுத்தில் ஓர் இடத்தில் பிழை. மூன்றே மூன்று எழுத்து, திரும்பத் திரும்ப வர வேண்டியதுதான், ஆனால் அளவுக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு பஸ் ஸ்டாண்டுதான் நினைவு வந்தது. அந்தோணிசாமி திண்டிவனம் திண்டிவனம் திண்டிவனம் என்று கூவிவிட்டு விசில் கொடுப்பான், வண்டி கிளம்பும். அவன் கூவிக்கொண்டே இருந்தால் வண்டி எப்படிக் கிளம்பும்? டாக்டரிடம் சொன்னேன். அப்படித்தான் என்றார். அந்தப் பிழையால் செய்யப்படுகிற சரக்கு கட்டி கட்டியாக உட்கருவுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது. சிறுமூளையில் உள்ள அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. நடை, பேச்சு, கடைசியில் விழுங்குவது. வரிசை அதுதான்.

மருந்து என்று கேட்டேன். உடற்பயிற்சி சொன்னார். மருந்து என்று மறுபடி கேட்டேன். தாளைப் பார்த்தார்.

"பிள்ளைங்க?"

"ஒரே பையன். தேவா. இருபத்தஞ்சு வயசு."

அவனுக்கு வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. அப்பா வழியாகப் போனால் எழுத்து இன்னும் கூடிவிடும், கூடினால் இன்னும் சின்ன வயதிலேயே ஆரம்பிக்கும் என்றார். அவனே விரும்பினால் அழைத்து வாருங்கள், பேசிவிட்டுப் பரிசோதனை செய்யலாம், கட்டாயம் கிடையாது என்றார். கல்யாணம், குழந்தை என்று போவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிவது நல்லது என்றும் சொன்னார்.

அப்பாவைப் போல ஆகக்கூடாது என்று எதையெதை விட்டேன். அவர் எனக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

23 ஏப்ரல், புதன்

தேவா காலையில் படி இறங்கி வேலைக்குப் போனான். நேராகத்தான் நடந்தான். தெருமுனை வரை பார்த்தேன்.

18 மே, ஞாயிறு

டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வண்டிகள் போவதையும் வருவதையும் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல வருகிறது. பிரச்சினை அது இல்லை.

ஒலக்கூரிலிருந்து தேவாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் பெயர் கலைப்பிரியா, பி.காம். படித்திருக்கிறது. அப்பா நெடுஞ்செழியன் திண்டிவனத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். தேவா அந்தக் கடையில் கேமரா மாட்டப் போன இடத்தில்தான் பெண்ணைப் பார்த்தானாம். ஏணி மேல் நின்றுகொண்டே காதல் பண்ணியிருக்கிறான். முகமெல்லாம் பல்.

தேவாவிடம் எனக்கு வெறும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லிவிடலாம், அதற்கு அப்புறம் நிச்சயம் பண்ணலாம் என்று மலர்விழியிடம் சொன்னேன். அடுப்படியிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. சொன்னா இந்த ஜென்மத்துல அவனுக்குக் கல்யாணம் நடக்காது. பாதிக்குப் பாதின்னுதான சொன்னாங்க? நல்ல பாதி நமக்கு வரக்கூடாதா?"

"அந்தப் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"எம் புள்ள இன்னா பாவம் பண்ணான்?"

என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். பண்ணிக் கொடுத்தேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான். அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

15 ஜூன், ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மண்டபத்துப் படியில் நான் தடுமாறியதைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா மெல்ல மலர்விழியிடம், "சம்மந்திக்கு உடம்பு ஏதாவது..." என்று ஆரம்பித்தார். மலர்விழி என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உடம்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. கொஞ்சம் போடுவாரு. மத்தபடி தங்கமானவரு."

அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அவ்வளவுதானா என்கிற மாதிரி சிரித்தார். விஷயம் நெடுஞ்செழியன் காதுக்குப் போனது. அவர் வந்து என் தோளில் கை போட்டார். "எல்லா ஊட்லயும் இருக்கறதுதான சம்மந்தி. இதுக்குப் போயி இன்னா கூச்சம்? வாங்க." மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர் கேன் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். வாங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சிரித்து முதுகைத் தட்டினார். உள்ளே திரும்பி நடந்து வந்தபோது தாராளமாகத் தள்ளாடினேன். பல மாதமாகக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தவன், இன்று பயமில்லாமல் நடந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவுக்கும் முதல் நாள் இப்படித்தான் சுகமாக இருந்திருக்கும்.

தேவா மட்டும் அருகில் வந்தான்.

"நரம்புத் தளர்ச்சிக்கு இதாம்பா காரணமா? எத்தினி நாளா ஏமாத்திக்கினு இருக்க?"

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

16 ஜூன், திங்கள்

தேவா என்னோடு பேசவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

கல்யாணம். திண்டிவனத்தில் மண்டபம். தாலி கட்டும்போது அவன் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் நடுங்கியது. எல்லா மாப்பிள்ளைக்கும் நடுங்கும் என்று அந்தோணிசாமி சொன்னான். எங்கள் இருவரைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் நோய் விஷயம் தெரியும், முடிவு வந்த அன்றே சொல்லியிருந்தேன்.

21 அக்டோபர், செவ்வாய்

தலை தீபாவளிக்கு ஒலக்கூர் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கலைப்பிரியா நல்ல பெண். என் தட்டில் மீனை முள் எடுத்து வைக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நான் புரையேறித் தவிப்பதைப் பார்த்துத் தானாகச் செய்கிறது. அது அருகில் வந்தாலே எனக்குக் குற்றவாளி மாதிரி இருக்கிறது. இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அதற்குக் குழி வெட்டிவிட்டு, வா மகளே என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

12 நவம்பர், புதன்

தேவா ஏணியில் கடைசிப் படியைத் தவறவிட்டு விழுந்தான். கணுக்காலில் வீக்கம். படி வழுக்கியது என்கிறான். மழைக்காலம், வழுக்கத்தானே செய்யும். ஏன் வழுக்கக்கூடாது?

23 நவம்பர், ஞாயிறு

கலைப்பிரியா முழுகாமல் இருக்கிறது. மலர்விழி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். எனக்கும் வாயில் போட்டாள். விழுங்க முடியவில்லை. சர்க்கரையைக்கூட விழுங்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டேனா, இல்லை இது வேறா என்று தெரியவில்லை.

24 நவம்பர், திங்கள்

மலர்விழியிடம் கேட்டேன், இப்போதாவது சொல்லலாமா என்று. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போயா என்று கேட்டாள். அப்போது கல்யாணத்துக்கு முன்னால் கூடாது, இப்போது பிரசவத்துக்கு முன்னால் கூடாது. இனி எப்போதுமே ஏதாவது ஒன்றுக்கு முன்னால்தான் இருக்கும்.

1 டிசம்பர், திங்கள்

மழை. தேவா வேலை முடிந்து வந்தான். வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து தன் காலைப் பார்த்தான். "அட, ஆமா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனான்.

குடையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, தெருமுனையில் கிடந்த இன்னொரு செருப்பைப் பொறுக்கி வந்து அதன் ஜோடியோடு வைத்தேன். வார் நன்றாக இறுக்கமாக இருந்தது.

7 டிசம்பர், ஞாயிறு

மலர்விழி சந்தைக்குப் போயிருந்தாள். தேவா வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் கேட்க அடுப்படிக்குப் போனேன். கலைப்பிரியா தேவாவின் கிண்ணத்தில் மட்டும் எதையோ தட்டிக் கலக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது. எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அதே பொட்டலம்.

"மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க. அவரும் குடிக்கறாரு போல. ஒத்துக்க மாட்டேங்கறாரு. நடையே சரியில்ல. பஸ்ஸுல நம்பர் போட்டிருந்துது, வாங்கனேன். புள்ள வர்றதுக்குள்ள அவர சரி பண்ணிடணும் மாமா."

கையை நீட்டினேன். பொட்டலத்தைக் கொடுத்தது. என் கை ஆடிய ஆட்டத்தில் பாதித் தூள் தரையில் கொட்டியது.

"அவன் குடிக்கலம்மா. நானும் குடிக்கறவன் இல்ல. வாழ்க்கைல ஒரே ஒரு நாள் குடிச்சேன், உன் நிச்சயதார்த்தத்தன்னிக்கி. அவனக் கூப்புடு. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."

அது அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் அவனைக் கூப்பிட்டது.